காசு வாங்கினா தகுதி போயிடுமா? பேப் ஸஹாரியாஸ் ஆடின கோல்ஃப்

எல்லாருக்கும் வணக்கம். மேடையில இருக்கிற பெரியவங்களுக்கும், முன்வரிசையில உக்காந்திருக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கும், வேலை முடிச்சு நேரா இங்க வந்திருக்கிற அக்காமாருக்கும் வணக்கம்.

இன்னிக்கு நான் பேசப் போறது ஒரு அமெரிக்க கோல்ஃப் வீராங்கனையைப் பத்தி. பேரு பேப் ஸஹாரியாஸ். வீட்டுல வச்ச பேரு மில்ட்ரெட் எல்லா டிட்ரிக்ஸன். வழக்கமா ஒரு ஆட்டக்காரரோட கதைன்னா காசு வாங்காத அமெச்சூரா ஆரம்பிச்சாரு, நல்லா ஆடினாரு, அப்புறம் காசு வாங்கி ஆடுற புரொஃபஷனல் ஆனாருன்னு நேர்கோட்டுல போயிடும். இவங்க கதை அப்படிப் போகல. அமெச்சூரா வந்தாங்க, அவங்க கேக்காமலே புரொஃபஷனல்னு முத்திரை குத்தி வெளிய தள்ளினாங்க, வருஷக்கணக்குல காத்திருந்து மறுபடி அமெச்சூர் ஆனாங்க, எல்லாத்தையும் ஜெயிச்சாங்க, அதுக்கப்புறம் தானே முடிவெடுத்து புரொஃபஷனல் ஆனாங்க. இந்தப் போக்கு வரவுக்குள்ள ஒரு கேள்வி இருக்கு, அதுக்காகத்தான் இந்தக் கதையை எடுத்தேன். விளையாடி சாப்பிடறது தப்பா? அது தப்புன்னு யாரு சொன்னாங்க, அப்படிச் சொல்ற வசதி யாருக்கு இருந்துச்சு?

1911 ஜூன் 26, டெக்சாஸ் மாநிலத்துல போர்ட் ஆர்தர்ங்கிற ஊர்ல பொறந்தாங்க. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைங்க இருக்கிற ஊரு. அப்பா அம்மா ரெண்டு பேரும் நார்வேல இருந்து பொழைக்க வந்தவங்க. அப்பா கப்பல் தச்சர், பின்னாடி மேஜை நாற்காலி பாலிஷ் பண்ற வேலை. ஏழு பிள்ளைங்க, இவங்க ஆறாவது. கொஞ்ச வருஷத்துல குடும்பம் பக்கத்துல இருக்கிற பியூமான்ட்டுக்கு வந்துருச்சு. வசதியான வீடு இல்ல, ஆனா அப்பா தன் கையாலேயே பின்கட்டுல உடற்பயிற்சிக் கம்பியெல்லாம் கட்டிக் குடுத்திருக்காரு, பொண்ணு பையன்னு பாக்காம எல்லாப் பிள்ளையும் அதுல தொங்கி வளந்துச்சுங்க.

1930ல டல்லாஸ்ல ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி, எம்ப்ளாயர்ஸ் கேஷுவல்ட்டின்னு பேரு, அவங்க பொண்ணுங்க பாஸ்கெட்பால் டீம் வச்சிருந்தாங்க. ஸ்கூல்ல இவங்க ஆடுறதைப் பாத்துட்டு வேலைக்குக் கூப்பிட்டாங்க. மாசம் 75 டாலர். பேருக்கு டைப்பிஸ்ட் வேலை, உண்மையில ஆடுறதுக்குத்தான் சம்பளம். இது கம்பெனிக்கும் தெரியும், விளையாட்டுச் சங்கத்துக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனா ரெஜிஸ்டர்ல டைப்பிஸ்ட்னு எழுதியிருக்கிற வரைக்கும் அவங்க அமெச்சூர். ஆட்டத்துக்குச் சம்பளம்னு எழுதினா அந்த நிமிஷமே தகுதி போச்சு. இந்த இடத்தை மனசுல வச்சுக்குங்க, மேல சொல்லப் போறதுக்கெல்லாம் இது வேணும்.

1932 ஜூலை, இல்லினாய் மாநிலம் எவான்ஸ்டன்ல தேசிய தடகளப் போட்டி, ஒலிம்பிக் தேர்வும் அதுதான். மத்த டீம்ல எல்லாம் கூட்டமா பொண்ணுங்க வந்திருக்காங்க. டல்லாஸ் கம்பெனி டீம்ல இருந்து வந்தது ஒரே ஒரு ஆளு, பேப். டீம் பேரைக் கூப்பிட்டப்ப தன்னந்தனியா கையை ஆட்டிக்கிட்டு ஓடி வந்தாங்க. எட்டுப் போட்டியில கலந்துக்கிட்டாங்க, ஒரே மத்தியானத்துல. குண்டு எறிதல், ஈட்டி, நீளம் தாண்டுதல், பேஸ்பால் எறிதல், 80 மீட்டர் தடை ஓட்டம் இதெல்லாம் முதலிடம், உயரம் தாண்டுதல்ல ஜீன் ஷைலியோட சேந்து முதலிடம். மொத்தம் 30 பாயிண்ட். ரெண்டாவதா வந்தது இருபத்திரண்டு பேர் இருந்த ஒரு முழு டீம், அவங்க எடுத்தது 22. ஒத்த ஆளு ஒரு டீமா வந்து டீம் கோப்பையைத் தூக்கிட்டுப் போன கதை இது, இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்கல.

லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ல பொண்ணுங்களுக்குத் தனிநபர் போட்டி மூணுக்கு மேல அனுமதி இல்ல. அந்த மூணுலயும் மெடல். ஈட்டியில தங்கம், தடை ஓட்டத்துல தங்கம், உயரம் தாண்டுதல்ல வெள்ளி. அந்த வெள்ளியும், ஷைலிக்குச் சமமா தாண்டின அப்புறம் இவங்க தலை முன்னாடி போற மாதிரி தாண்டுறது விதிப்படி சரியில்லன்னு நடுவர்கள் சொன்னதால வந்தது.

ஊரே கொண்டாடுச்சு. அந்த வருஷம் முடியறதுக்குள்ள ஒரு கார் விளம்பரத்துல இவங்க படமும் பேரும் வந்துச்சு, டாட்ஜ் கார். என்னைக் கேக்கவே இல்லன்னு இவங்க சொன்னாங்க. தடகள சங்கம் அமெச்சூர் தகுதியை நிறுத்தி வச்சுது, அப்புறம் இவங்க சம்மதம் இல்லாமதான் போட்டிருக்காங்கன்னு தெரிஞ்சு திருப்பியும் குடுத்துச்சு. ஆனா அதுக்குள்ள இவங்களுக்கு மனசு விட்டுப் போச்சு. வீட்டுக்குப் பணம் அனுப்பணும், நாடு பூராவும் பொருளாதாரம் படுத்துக் கெடக்கிற காலம், மெடலை வச்சு அரிசி பருப்பா வாங்க முடியும்? நான் புரொஃபஷனலாவே இருந்துட்டுப் போறேன்னு கெளம்பிட்டாங்க. கார் கண்காட்சியில நின்னாங்க, சிக்காகோல ஒரு தியேட்டர் மேடையில ஹார்மோனிகா வாசிச்சாங்க, ஊர் ஊரா போற பாஸ்கெட்பால் டீம் நடத்தினாங்க, ஹவுஸ் ஆஃப் டேவிட்னு தாடி வளத்த ஆம்பளைங்க பேஸ்பால் டீமோட சேந்து பந்து எறிஞ்சாங்க. பத்திரிகைக்காரங்க சில பேர் இதையெல்லாம் வேடிக்கையா எழுதினாங்க, இவங்க உடம்பைப் பத்தி, முடி வெட்டினதைப் பத்தி, பொம்பளையா ஆம்பளையான்னு எல்லாம் அசிங்கமா எழுதினாங்க. அதைப் படிக்கும்போது இப்பவும் கோவம் வருது. சம்பாதிச்ச பணத்துல அப்பா அம்மாவைப் பாத்துக்கிட்ட இருபத்தோரு வயசுப் பொண்ணு அவங்க.

இனி கோல்ஃப். 1933ல கலிபோர்னியா போயி ஸ்டான் கெர்ட்டஸ்ங்கிற பயிற்சியாளர்கிட்ட கத்துக்கிட்டாங்க. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் பந்தடிப்பாங்க, கையில தோலு உரிஞ்சு ரத்தம் வந்தா டேப் சுத்திக்கிட்டு அடிப்பாங்க. பிறவித் திறமை பிறவித் திறமைன்னு இவங்களைப் பத்தி நெறைய பேர் எழுதியிருக்காங்க, திறமை இருந்துச்சு, யாரு இல்லன்னா, ஆனா அந்த டேப் சுத்தின கையை மறந்துட்டு எழுதுறது எனக்குப் பிடிக்கல. கையில இருந்த பணம் தீந்ததும் டல்லாஸ் கம்பெனிக்கே திரும்பினாங்க. கம்பெனி சம்பளமும் குடுத்து கோல்ஃப் கிளப்ல சேர பணமும் கட்டுச்சு. ஏன்னா அன்னிக்கு அமெரிக்காவுல கோல்ஃப்னா கண்ட்ரி கிளப். புல்லு வெட்டறவன் உள்ள போகலாம், பை தூக்குற கேடி உள்ள போகலாம், ஆனா ஆடணும்னா மெம்பரா இருக்கணும்.

1935 ஏப்ரல், ஹூஸ்டன்ல ரிவர் ஓக்ஸ் கண்ட்ரி கிளப், டெக்சாஸ் பெண்கள் அமெச்சூர் போட்டி. இவங்க பேர் குடுத்ததே அங்க சில பேருக்குப் பிடிக்கல. லாரி டிரைவர் பொண்ணுங்கெல்லாம் எங்க போட்டிக்கு வேணாம்னு ஒரு அம்மா சொன்னதா பதிவு இருக்கு. பந்தை யாரு தூரமா அடிக்கிறாங்கன்னு ஒரு சின்னப் போட்டி முன்னாடி வப்பாங்க, இவங்க வர்றாங்கன்னு தெரிஞ்சு அதுல இருந்து வெலகினவங்க உண்டு. ஃபைனல் 36 குழி. எதிர்ல பெக்கி சாண்ட்லர், அனுபவசாலி, நல்ல ஆட்டக்காரி. 34வது குழியில இவங்க அடிச்ச மூணாவது ஷாட் குழிக்குள்ளயே விழுந்துச்சு. பார் ஐந்து, அதாவது அஞ்சு தடவை அடிச்சு முடிக்க வேண்டிய குழியை மூணு தடவையில முடிச்சா அதுக்கு ஈகிள்னு பேரு. அதோட ஆட்டம் இவங்க பக்கம் சாஞ்சு, எதிராளியை விட ரெண்டு குழி அதிகமா எடுத்து ஜெயிச்சாங்க. கோல்ஃப் கிளப்பை ஒழுங்கா கையில எடுத்து ரெண்டே வருஷம்.

அடுத்த மாசம் அமெரிக்க கோல்ஃப் சங்கம், யுஎஸ்ஜிஏ, ஒரு முடிவு சொல்லுச்சு. நீங்க மத்த விளையாட்டுல காசு வாங்கியிருக்கீங்க, அதனால கோல்ஃப்லயும் நீங்க புரொஃபஷனல், அமெச்சூர் போட்டியில ஆடக் கூடாது, ஆட்டத்தோட நலனுக்காக இந்த முடிவுன்னு. கோல்ஃப் ஆடி அவங்க ஒரு சென்ட் கூட வாங்கினதில்ல! பாஸ்கெட்பாலுக்கும் பேஸ்பாலுக்கும் வாங்கின காசு கோல்ஃபுக்குத் தீட்டு ஆயிடுச்சு. பந்தியில உக்கார வச்சு இலை போட்டதுக்கப்புறம் உங்கப்பா என்ன வேலை பாக்குறாருன்னு கேட்டு எழுப்பி விடறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறதா எனக்குத் தெரியல.

சரி புரொஃபஷனல்னு சொல்லிட்டாங்க, போயி புரொஃபஷனலா ஆட வேண்டியதுதானேன்னு உங்களுக்குத் தோணும். எங்க ஆடறது? 1935ல பொண்ணுங்களுக்குன்னு புரொஃபஷனல் டூர், அதாவது ஊர் ஊரா நடக்கிற பரிசுப் பணப் போட்டி வரிசை, கிடையாது. பெண்கள் வெஸ்டர்ன் ஓபன் மாதிரி ஒண்ணு ரெண்டு போட்டியில புரொஃபஷனலும் ஆடலாம், அவ்வளவுதான். ஆக அந்த முடிவோட உண்மையான அர்த்தம், நீ ஆடாதேங்கிறதுதான். இவங்க ஒரு விளையாட்டுச் சாமான் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டுக்கிட்டு, ஜீன் சாரஸன்ங்கிற பெரிய ஆட்டக்காரரோட ஊர் ஊரா கண்காட்சி ஆட்டம் ஆடினாங்க. பந்தடிச்சு காட்டினா கூட்டம் சேரும், ஜோக் சொன்னா கூட்டம் சிரிக்கும். அந்த நாள்ல சாரஸன் பக்கத்துல நின்னு குறும்ஷாட் எப்படி அடிக்கிறது, மணல்ல இருந்து எப்படி எடுக்கிறதுன்னு பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டாங்க.

1938 ஜனவரி, லாஸ் ஏஞ்சலஸ் ஓபன். ஆம்பளைங்க போட்டி. பொம்பளை ஆடக் கூடாதுன்னு விதியில எழுதல, அதனால பேர் குடுத்தாங்க. இவங்களோட சேத்து ஆட விட்டது ஒரு பாதிரியாரையும் ஒரு மல்யுத்த வீரரையும். ரெண்டு சுத்துல 81 அடி, 84 அடின்னு அதிகமா எடுத்து, கட், அதாவது மிச்சச் சுத்து ஆட யாரு தங்கலாம்னு பிரிக்கிற கோடு, அதைத் தாண்டாம வெளிய வந்தாங்க, ஆனா அந்த மல்யுத்த வீரர் ஜார்ஜ் ஸஹாரியாஸை அந்த வருஷ டிசம்பர்லயே கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அவரு கொலராடோவுல பியூப்ளோங்கிற ஊர்ல, கிரேக்கத்துல இருந்து பொழைக்க வந்த குடும்பத்துல பொறந்தவரு. மல்யுத்தத்துல நல்ல சம்பாத்தியம்.

இப்பக் கொஞ்சம் கவனமா கேளுங்க. 1940 ஜனவரியில இவங்க யுஎஸ்ஜிஏவுக்கு மனு போட்டாங்க, என் அமெச்சூர் தகுதியைத் திருப்பிக் குடுங்கன்னு. விதிப்படி மூணு வருஷம் விளையாட்டு மூலமா ஒத்த டாலர் வாங்கக் கூடாது, விளம்பரம் கூடாது, கண்காட்சிக்குப் பணம் கூடாது. சரின்னு ஒப்பந்தத்தையெல்லாம் விட்டுட்டு உக்காந்தாங்க. எப்படி முடிஞ்சுது? ஜார்ஜோட பணம் இருந்துச்சு. அதுதான் விஷயம். அமெச்சூரா இருக்கிறதுக்கு ஆட்டத் திறமை மட்டும் போதாது, வேற எங்கேயோ இருந்து வீட்டுக்குப் பணம் வரணும். பியூமான்ட்டுல தச்சர் பொண்ணா இருந்தப்ப அது இல்ல, அதனால தகுதி இல்ல. பணக்கார மல்யுத்த வீரரோட மனைவி ஆனதும் அது வந்துச்சு, தகுதியும் வந்துச்சு. ஆளு அதே ஆளு, ஸ்விங்கும் அதே ஸ்விங். 1943 ஜனவரியில மறுபடி அமெச்சூர்.

அந்த மூணு வருஷம் சும்மா இருந்தாங்கன்னு நெனச்சுடாதீங்க. 1940லயே வெஸ்டர்ன் ஓபன் ஜெயிச்சாங்க. டென்னிஸ் கத்துக்கிட்டு போட்டிக்குத் தயாரா போயி நின்னா, டென்னிஸ் சங்கமும் நீங்க புரொஃபஷனல்னு கதவை மூடுச்சு, அப்படியே டென்னிஸை விட்டுட்டாங்க. போர்க்காலத்துல நிதி திரட்டுறதுக்காக பாப் ஹோப், பிங் கிராஸ்பி மாதிரி சினிமா நட்சத்திரங்களோட கண்காட்சி ஆட்டம் ஆடினாங்க, காசு வாங்காம.

1944ல மறுபடி வெஸ்டர்ன் ஓபன். 1945ல நடந்ததைச் சொல்லணும். இண்டியானாபோலிஸ்ல வெஸ்டர்ன் ஓபன் நடக்குது, ஊர்ல இருந்து தகவல் வருது, அம்மாவுக்கு மாரடைப்புன்னு. போயே ஆகணும்னு துடிக்கிறாங்க, போர்க்காலம், விமானத்துல சீட் கெடைக்கல, ரயிலும் கெடைக்கல. அம்மா நீ ஆடி முடிச்சுட்டு வான்னுதான் சொல்லுவாங்கன்னு அக்கா போன்ல சொல்றாங்க. போட்டி முடியறதுக்குள்ள அம்மா போயிட்டாங்க. இவங்க ஆடினாங்க, ஜெயிச்சாங்க, அந்தப் போட்டியை மூணு தடவை ஜெயிச்ச முதல் ஆளு ஆனாங்க, அதுக்கப்புறம்தான் வீட்டுக்குப் போக வழி கெடச்சுது.

அதே 1945லதான், பொம்பளையால முடியாதுன்னு சொன்னவங்களுக்குப் பதில் சொல்ற மாதிரி இன்னொண்ணும் நடந்துச்சு. ஆம்பளைங்க டூர்ல லாஸ் ஏஞ்சலஸ் ஓபனுக்குத் தகுதிச் சுற்று ஆடி உள்ள வந்து 36 குழி கட்டைத் தாண்டினாங்க. ஃபீனிக்ஸ் ஓபன்ல 33வது இடம், டூசான் ஓபன்ல 42வது இடம், அந்த இடங்களை வேற சில பேரோட பகிர்ந்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு பொண்ணு ஆம்பளைங்களோட பிஜிஏ டூர் போட்டியில ஆடினது 2003ல, அனிக்கா சோரன்ஸ்டாம். அவங்களால கட் தாண்ட முடியல. பிஜிஏ டூர்ல கட் தாண்டின பெண்ணுன்னா இன்னிக்கு வரைக்கும் பேப் ஒருத்தர்தான்.

1946, ஓக்லஹோமாவுல டல்ஸா, சதர்ன் ஹில்ஸ் மைதானம், அமெரிக்க பெண்கள் அமெச்சூர் சாம்பியன்ஷிப். ஃபைனல்ல கிளாரா ஷெர்மனை 11க்கு 9னு ஜெயிச்சாங்க. கோல்ஃப் பாக்காதவங்களுக்காகச் சொல்றேன், இன்னும் 9 குழி மட்டும் மிச்சம் இருக்கிறப்ப இவங்க 11 குழி முன்னாடி இருக்காங்க, மேல ஆடிப் பிரயோஜனம் இல்லன்னு கையைக் குலுக்கிட்டு வந்துடறது. பதினொரு வருஷம் முன்னாடி எந்தச் சங்கம் உனக்கு இடமில்லன்னு சொல்லுச்சோ, அந்தச் சங்கம் நடத்துற போட்டி, அந்தச் சங்கத்தோட கோப்பை.

அடுத்து 1947 ஜூன், ஸ்காட்லாந்துல கல்லன்ங்கிற கடலோர ஊரு, பிரிட்டிஷ் பெண்கள் அமெச்சூர். 1893ல இருந்து நடக்கிற போட்டி, அதுவரைக்கும் ஒரு அமெரிக்கப் பெண் கூட ஜெயிச்சதில்ல. கிளென்னா காலெட் வேர்னு அமெரிக்காவோட தலைசிறந்த ஆட்டக்காரி, அவங்களே 1929லயும் 1930லயும் ஃபைனல் வரைக்கும் போயி தோத்திருக்காங்க. கோடையிலயும் அங்க குளிர் எலும்பைக் கடிக்குது, பேப் கொண்டு போன துணியெல்லாம் மெல்லிசு. அந்த அம்மாவுக்குக் குளிருதாம்னு பத்திரிகையில வந்ததும் ஊர்க்காரங்க வீட்டுல இருந்து கம்பளித் துணியா அனுப்பி வச்சுட்டாங்க. போர் முடிஞ்ச சமயம், அங்க துணிக்கே ரேஷன், தங்களுக்கே இல்லாத நேரத்துல குடுத்திருக்காங்க பாருங்க. அதுல ஒரு பழைய கார்டுராய் பேண்ட்டைப் போட்டுக்கிட்டு ஆடினாங்க. ஃபைனல்ல ஜாக்குலின் கோர்டன், காலை ஆட்டத்துல சரிக்குச் சரி நின்னாங்க, மத்தியானம் பேப் கை ஓங்கிருச்சு, 5க்கு 4. அமைதியா நடந்து போயி பாக்குற அந்த ஊர்க் கூட்டத்தோட பேசி, சிரிக்க வச்சு, கடைசியில அவங்களையே கை தட்ட வச்சுட்டுதான் வந்தாங்க.

அந்த ரெண்டு வருஷமும் வரிசையா வெற்றி. தொடர்ச்சியா 17ன்னு பேப் சொல்லுவாங்க, நடுவுல ஒரு தோல்வி இருக்குன்னு பின்னாடி ஆராய்ஞ்சவங்க சொல்றாங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான், நடுவுல ஒண்ணு போனாலும் அந்த ஓட்டத்துக்குக் கொறை ஒண்ணும் இல்ல.

ஆகஸ்ட் 1947ல புரொஃபஷனல் ஆயிட்டேன்னு அறிவிச்சாங்க. கோல்ஃப் படங்கள் எடுக்கிறதுக்கு 3 லட்சம் டாலர் தர்றோம்னு ஒரு பேச்சு வந்துச்சு, அந்தப் பணம் கடைசியில சொன்னபடி வந்து சேரல. ஆனா முடிவு எடுத்தாச்சு. எத்தனையோ வருஷம் காத்திருந்து வாங்கின அமெச்சூர் பட்டத்தை இப்படி விட்டுட்டாங்களேன்னு வருத்தப்பட்டவங்க உண்டு. நான் அதை வேற மாதிரி பாக்குறேன். 1935ல தள்ளி விட்டப்ப போக இடம் இல்ல. இப்ப போற இடத்தைத் தானே உண்டாக்கிக்கலாங்கிற அளவுக்குப் பேரு இருக்கு.

உண்டாக்கவும் செஞ்சாங்க. பெண்களுக்கு ஒரு புரொஃபஷனல் சங்கம் 1944லயே ஆரம்பிச்சு, பணம் இல்லாம தடுமாறிக்கிட்டு இருந்துச்சு. 1948ல டூர்லயே அதிகம் சம்பாதிச்சது பேப்தான், வருஷம் பூராவும் பரிசா வந்தது 3,400 டாலர். முதலாவதா வந்தவங்களுக்கே அவ்வளவுன்னா பத்தாவதா வந்தவங்க என்ன பண்ணியிருப்பாங்க? பேப், பாட்டி பெர்க், மேனேஜர் ஃப்ரெட் கார்க்கரன் இவங்கல்லாம் சேந்து, வில்சன் விளையாட்டுச் சாமான் கம்பெனியோட ஆதரவுல, புதுசா ஒரு சங்கம் கட்டினாங்க. அதுதான் எல்பிஜிஏ, 1950ல பதிவாச்சு. ஸ்தாபகர்கள் 13 பெண்கள். பாட்டி பெர்க் தலைவர்.

அந்தப் பதிமூணு பேரும் எப்படி வாழ்ந்தாங்கன்னு படிச்சா மலைப்பா இருக்கு. ஒரு ஊர்ல போட்டி முடிஞ்சதும் வரிசையா காரை எடுத்துக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா அடுத்த ஊருக்கு ஓட்டுவாங்க, அங்க போயி குழி எங்க வைக்கணும்னு அவங்களே பாப்பாங்க, விதி தகராறுன்னா அவங்களே தீர்ப்பு சொல்லுவாங்க, கணக்கு எழுதுறது, செக் எழுதுறது, ரேடியோவுக்குப் போயி எங்க ஆட்டத்தைப் பாக்க வாங்கன்னு கூப்பிடறது எல்லாமே அவங்க. அப்புறம் காலையில அவங்களேதான் ஆடணும். இதுல கூட்டத்தை இழுத்தது பேப். பந்தடிக்கிறதுக்கு முன்னாடி கூட்டத்தைப் பாத்து ஏதாச்சும் சொல்லுவாங்க, ஹார்மோனிகா எடுத்து வாசிப்பாங்க, இன்னிக்கு ரெண்டாவது இடத்துக்கு யாருடி வரப் போறீங்கன்னு சக ஆட்டக்காரிங்களையே கேப்பாங்க. எல்லாருக்கும் அது பிடிக்கல. லூயிஸ் சக்ஸ் மாதிரி ஒழுங்கும் அமைதியுமா ஆடுறவங்களுக்கு இவங்க மேல உண்மையாவே கசப்பு இருந்துச்சு, அதுல நியாயமும் இருந்துச்சு. பேப் தனக்குன்னு தனியா பணம் கேப்பாங்க, வெளிச்சம் தன் மேலயே இருக்கணும்னு நிப்பாங்க. நல்லவங்களா மட்டும் காட்டி ஒருத்தரைப் பத்திப் பேசறது எனக்குச் சரியாப் படல, அதனால சொல்றேன். ஆனா டிக்கெட் வாங்கி வந்த ஜனம் பேப்பைப் பாக்கத்தான் வந்துச்சு, அந்த டிக்கெட் காசுலதான் மத்தவங்க பரிசும் இருந்துச்சு. 1950ல பேப்போட பரிசுப் பணம் 14,800 டாலர், அடுத்த வருஷம் 15,087. ரெண்டு வருஷத்துல நாலு மடங்கு.

ஆட்டமும் அப்படித்தான். 1948ல அட்லாண்டிக் சிட்டியில யுஎஸ் பெண்கள் ஓபனை, ரெண்டாவது வந்தவங்களை விட 8 அடி கம்மியா அடிச்சு ஜெயிச்சாங்க. 1950ல கான்சாஸ்ல விச்சிட்டா, மறுபடி யுஎஸ் ஓபன், 9 அடி. அதே வருஷம் டைட்டில்ஹோல்டர்ஸும் வெஸ்டர்ன் ஓபனும் சேத்து, அன்னிக்கு இருந்த மூணு மேஜரும், அதாவது மூணு பெரிய போட்டியும், ஒரே வருஷத்துல. அமெச்சூரா ஜெயிச்சதும் புரொஃபஷனலா ஜெயிச்சதும் சேத்தா மொத்தம் 10 மேஜர், எல்பிஜிஏ கணக்குல 41 வெற்றி. அரை நூற்றாண்டோட சிறந்த வீராங்கனைன்னு அசோசியேட்டட் பிரஸ் 1950ல இவங்களைத்தான் சொல்லுச்சு.

1953 ஏப்ரல்ல பெருங்குடல்ல கேன்சர்னு தெரிஞ்சுது. பியூமான்ட்டுல ஆபரேஷன், குடலோட ஒரு பகுதியை எடுத்துட்டு வயித்துல வழி வச்சு பை மாட்டினாங்க. நிணநீர் முடிச்சுக்கும் பரவியிருக்குங்கிறதை டாக்டருங்க ஜார்ஜ்கிட்டயும், கூடவே இருந்த இளம் ஆட்டக்காரி பெட்டி டாட்கிட்டயும் சொன்னாங்க, பேப்கிட்ட சொல்லல. அந்தக் காலத்து வழக்கம் அது, ஆனாலும் அவங்க உடம்பு, அவங்ககிட்ட சொல்லியிருக்கணும். ஆஸ்பத்திரி ரூம்ல கோல்ஃப் கிளப்புங்களைக் கண்ணுக்குத் தெரியற மாதிரி வைக்கச் சொன்னாங்க. அன்னிக்கு கேன்சர்னா வாயால சொல்லவே பயப்படுவாங்க, பேப்பர்ல கூட நீண்ட நாள் நோய்னுதான் போடுவாங்க. இவங்க வெளிப்படையா எனக்கு கேன்சர்னு சொன்னாங்க, ரேடியோல டிவியில பேசினாங்க, எங்கெங்கேயோ இருந்து நோயாளிங்க லெட்டர் போட்டாங்க. மூணரை மாசத்துல சிக்காகோ பக்கத்துல டாம் ஓ ஷான்டர் போட்டியில இறங்கிட்டாங்க. முதல் போட்டியில பின்தங்கினாங்க, அடுத்த வாரமே அதே மைதானத்துல மூணாவது இடம்.

1954 ஜூலை, மசாசூசெட்ஸ்ல பீபடி, சேலம் கண்ட்ரி கிளப். யுஎஸ் பெண்கள் ஓபன். கடைசி நாள் ஒரே நாள்ல 36 குழி நடந்து ஆடணும், அதுதான் அன்னிக்கு முறை. நல்ல உடம்போட இருக்கிறவங்களே மத்தியானத்துக்கு மேல தளர்ந்துடுவாங்க. வயித்துல பையோட, ஆபரேஷன் முடிஞ்சு பதினஞ்சு மாசத்துல, மொத்தம் 291 அடியில முடிச்சாங்க. ரெண்டாவது வந்த பெட்டி ஹிக்ஸ் 12 அடி பின்னாடி. பரிசு 2,000 டாலர். புரொஃபஷனல்ங்கிற பட்டத்துக்கு இதுக்கு மேல என்ன கௌரவம் வேணும்னு எனக்குத் தெரியல. தொழில், வந்து செஞ்சுட்டுப் போறாங்க.

1955ல இன்னும் ரெண்டு போட்டி ஜெயிச்சாங்க. அப்புறம் முதுகு வலி, அதுக்கு ஒரு ஆபரேஷன், அப்புறம் கேன்சர் திரும்பினது தெரிஞ்சுது. 1956 செப்டம்பர் 27, கால்வெஸ்டன் ஆஸ்பத்திரியில உயிர் போச்சு. 45 வயசு. அன்னிக்குக் காலையில ஜனாதிபதி ஐசன்ஹோவர் பத்திரிகையாளர் கூட்டத்தை இவங்களுக்கு அஞ்சலி சொல்லித்தான் ஆரம்பிச்சாரு.

பேப் தொறந்த கதவு எல்லாருக்கும் தொறந்துடல, அதையும் சொல்லணும். அதே 1956 செப்டம்பர்லதான் ஆன் கிரெகரிங்கிற கறுப்பினப் பெண் முதன்முதலா அமெரிக்க பெண்கள் அமெச்சூர் போட்டியில ஆட முடிஞ்சுது. டென்னிஸ்ல விம்பிள்டன் ஜெயிச்ச அல்தியா கிப்சன் எல்பிஜிஏல உறுப்பினர் ஆனது 1964ல. ஏழைங்கிறதுக்காகத் தள்ளினது ஒரு சுவர், நிறத்துக்காகத் தள்ளினது அதை விடப் பெரிய சுவர். ரெண்டாவது சுவரைப் பத்தித் தனியாவே ஒரு நாள் பேசணும், அரை மணி நேரத்துல முடியற விஷயம் இல்ல அது.

அமெச்சூர் விதி என்னாச்சுன்னு மட்டும் சொல்லி உக்காந்துடறேன். 2022 ஜனவரி 1ல இருந்து யுஎஸ்ஜிஏவும் ஸ்காட்லாந்துல இருக்கிற ஆர் அண்ட் ஏங்கிற கோல்ஃப் விதி அமைப்பும் அந்த விதியை மாத்தி எழுதிட்டாங்க. இப்ப ஒரு அமெச்சூர் ஆட்டக்காரி தன் பேரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் குடுக்கலாம், கம்பெனிகிட்ட ஸ்பான்சர்ஷிப் வாங்கலாம், போக வர செலவுக்குப் பணம் வாங்கலாம், அமெச்சூர் தகுதி அப்படியே இருக்கும். வேற விளையாட்டுல சம்பளம் வாங்கினவங்களும் கோல்ஃப்ல அமெச்சூரா ஆடலாம். டெக்சாஸ் அமெச்சூர் ஜெயிச்ச கையோட பேப்பை வெளிய தள்ளி அப்ப கிட்டத்தட்ட 87 வருஷம் ஆகியிருந்துச்சு.

கேள்வி இருந்தா கேளுங்க, மைக்கை அந்தத் தங்கச்சிகிட்ட குடுங்க, ரொம்ப நேரமா கையைத் தூக்கிட்டு இருக்கு.